‘இல்லை’ என்று சொல்லத் துணிந்த மெனு கார்டு

சாத்தான்குளத்திலிருந்து சில கிலோமீட்டர் போனால் முதலூர். 1799-இல் திருநெல்வேலிச் சீமையின் முதல் கிறிஸ்தவக் குடியிருப்பாக எழுந்ததால் ஊருக்கு அந்தப் பெயர். வரலாறு தெரியாதவர்களுக்கும் முதலூர் தெரியும், மஸ்கோத் அல்வாவால். நெய் கிடையாது. மைதாவைக் கரைத்து எடுத்த பால், தேங்காய்ப்பால், சீனி, கொஞ்சம் முந்திரி. கிண்டக் கிண்ட தேங்காய்ப்பால் தன் எண்ணெயைத் தானே கக்கி, அல்வா கண்ணாடி மாதிரி பளபளத்து இறங்கும். கடையில் சேவும் மிக்சரும் இருக்கும்தான். ஆனால் காரை நிறுத்திவிட்டு இறங்குகிறவரிடம் என்ன வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. “எவ்வளவு போட, அண்ணாச்சி?” என்பதுதான் கேள்வி.

இந்த வட்டாரமே இப்படித்தான். உடன்குடிக்குக் கருப்பட்டி, தூத்துக்குடிக்கு மக்ரூன், கோவில்பட்டிக்குக் கடலை மிட்டாய், திருநெல்வேலிக்கு மாலையில் சில மணி நேரம் மட்டும் திறக்கும் இருட்டுக்கடை அல்வா. ஊருக்கு ஒரு பண்டம் என்று யாரோ பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரி.

வேடிக்கை என்னவென்றால், தமிழ்நாட்டின் மிக நீளமான மெனு கார்டுகளில் ஒன்றை எழுதியவரும் இதே மண்ணிலிருந்து போனவர்தான்.

சரவண பவன் நிறுவனர் பி.ராஜகோபாலின் சொந்த ஊர் புன்னையடி, இதே தூத்துக்குடி மாவட்டம். சென்னை கே.கே.நகரில் மளிகைக் கடை நடத்திவிட்டு, 1981-இல் அங்கேயே ஹோட்டல் திறந்தார். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்று 2019-இல் அவர் இறந்த கதை ஊரறிந்தது. அது இங்கே நம் பேச்சு இல்லை. அவர் மளிகையிலிருந்து வந்தவர் என்பதுதான் கவனிக்க வேண்டியது. இந்தச் செம்மணல் தேரிக்காட்டு ஊர்களிலிருந்து சென்னைக்கும் மும்பைக்கும் போய்க் கடை வைத்தவர்களின் முதல் பாடம், வாடிக்கையாளரிடம் ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்பது. சரக்கு தீர்ந்திருந்தால் “சாயங்காலம் வந்திரும்” என்பார்கள். ஒரு முறை ‘இல்லை’ கேட்டவர் அடுத்த முறை எதிர்க்கடைக்குப் போய்விடுவார்.

அந்த மளிகைப் புத்தி அப்படியே ஹோட்டலுக்குள் வந்தது. இட்லி, தோசையோடு தொடங்கிய பட்டியல் நாளடைவில் வட இந்திய தந்தூரி, சைனீஸ், சாட், ஜூஸ், ஐஸ்கிரீம் என்று பெருகியது. தாத்தாவுக்கு இடியாப்பம், பேரனுக்கு நூடுல்ஸ், மருமகளுக்குப் பனீர், யாருக்கும் ‘இல்லை’ இல்லை. ஒரு குடும்பம் மொத்தமாக ஒரே மேஜையில் உட்கார இது ஒரு காரணம். 1980களுக்குப் பிறகு தமிழ்நாட்டு நடுத்தர வர்க்கம் வெளியே சாப்பிடப் பழகியதில் இந்த நீளப் பட்டியலுக்குப் பெரிய பங்கு உண்டு. அதைக் கேலி செய்கிறவர்கள் நால்வர் கொண்ட குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போகாதவர்களாக இருக்க வேண்டும்.

கேள்வி அடுத்த படியில்தான் சிக்கலாகிறது. மேஜை விரிப்பும் மெல்லிய வெளிச்சமும் ஒரு தட்டுக்கு ஆயிரக்கணக்கில் விலையுமாக இருக்கும் ஃபைன் டைனிங் உணவகத்துக்கும் இந்த விதி பொருந்துமா? “இவ்வளவு காசு வாங்குகிறீர்கள், பன்னிரண்டு அயிட்டம்தான் இருக்கிறதா?” என்று கேட்கும் வாடிக்கையாளருக்கு என்ன பதில்?

முதலில், நீளம் என்பது பல நேரம் கண்கட்டு வித்தை. சிக்கன், கோபி, பனீர், காளான், இறால் என்று ஐந்தை ஒரு பக்கம் எழுதுங்கள். 65, மஞ்சூரியன், சில்லி, பெப்பர் என்று நான்கை மறுபக்கம் எழுதுங்கள். பெருக்கினால் இருபது அயிட்டம். சமையல்காரர் கற்றுக்கொண்டது நான்கு வேலைதான். வட இந்தியப் பக்கத்தில் இன்னும் சுலபம்: வெங்காயம் தக்காளி வதக்கிய ஒரு கிரேவி, முந்திரி அரைத்த வெள்ளை கிரேவி, வெண்ணெய் சேர்த்த மக்கனி கிரேவி. மூன்று பாத்திரம் காலையில் தயாரானால் நாற்பது பெயர்கள் ராத்திரி மேஜைக்குப் போகும். தோசையும் அப்படியே. நெய், பொடி, வெங்காயம், மசாலா என்று எத்தனை வரி ஓடினாலும் மாவு ஒன்றுதான்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஒரே மாவில் இருபது தோசை சுடுவது நல்ல தொழில் அறிவு. அந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு ‘எவ்வளவு பெரிய சமையலறை’ என்று நினைத்தால் தப்பு நம்முடையது.

சிக்கன் 65 என்ற பெயரிலேயே மெனு கார்டின் கதை ஒளிந்திருக்கிறது. சென்னை மவுண்ட் ரோட்டில் 1951-இல் திறந்த புகாரி ஹோட்டல், 1965-இல் அறிமுகமானதால் 65 என்று கணக்குச் சொல்கிறது. பின்னாளில் அதே முறையில் சிக்கன் 78, 82, 90 எல்லாம் அங்கே வந்தன. இன்னொரு வழக்குக் கதை ராணுவ கேண்டீன் ஒன்றைப் பற்றியது. தமிழ் படிக்கத் தெரியாத சிப்பாய்கள் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைச் சொல்லி வாங்கினார்களாம். அந்தக் கோழி வறுவல் 65-ஆவது வரியில் இருந்ததாம். கதைக்கு ஆதாரம் கிடையாது. ஆனாலும் அது இத்தனை காலம் நிற்கிறது, ஏனென்றால் நம் ஊர் ஹோட்டல் பட்டியல் 65-ஆம் எண் வரை ஓடும் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஃபைன் டைனிங்கில் இந்தப் பெருக்கல் வாய்ப்பாடு உதவாது. அங்கே காசு கொடுப்பவர் ஒவ்வொரு தட்டுக்கும் தனி மூளை, தனிக் கை வேலை செய்திருக்கும் என்று நம்பிக் கொடுக்கிறார். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ராத்திரி நாற்பது பேர் வருகிறார்கள், ஆளுக்கு மூன்று தட்டு என்றால் 120 ஆர்டர். கார்டில் இருபது அயிட்டம் இருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக ஆறு முறை அடுப்பேறும். 120 அயிட்டம் இருந்தால் ஒரே முறை. ஒரு ராத்திரிக்கு ஒரு தடவை மட்டும் செய்யும் பதார்த்தம் எந்தச் சமையல்காரர் கையிலும் பழகாது. அதற்கென வாங்கிய மீனும் கீரையும் யார் கேட்பார்கள் என்று ஃபிரிஜ்ஜில் காத்துக் கிடக்கும். மீனுக்குக் காத்திருக்கத் தெரியாது.

மூன்று மேஜைகள்

சென்னை கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா ஹோட்டலில் 2017-இல் திறந்த அவர்த்தனா இந்தக் கேள்விக்கு ஒரு முனையில் நின்று பதில் சொல்கிறது. அங்கே கார்டில் தேடித் தேர்ந்தெடுக்கும் வேலையே கிட்டத்தட்ட இல்லை. ஏழு, ஒன்பது, பதினொன்று, பதிமூன்று என்று சுற்றுகள். எத்தனை சுற்று, சைவமா அசைவமா என்று சொல்லிவிட்டு உட்கார வேண்டியதுதான். பிரெஞ்சு பிரஸ் எனும் காபிக் குடுவையில் மூலிகையோடு அழுத்தி, கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தரும் தெளிந்த தக்காளி ரசம்தான் அவர்களின் அடையாளம். ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2024-இல் 44-ஆம் இடம், 2025-இல் 30-ஆம் இடம். 2024-இல் கொழும்பு ஐடிசி ரத்னதீபாவிலும் கிளை வந்தது.

இரண்டாவது மேஜை டெல்லியில். ஐடிசி மௌரியாவின் புகாரா 1970களின் பிற்பகுதியில் தொடங்கியது. நம் மவுண்ட் ரோடு புகாரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. குட்டைப் பட்டியல், பத்தாண்டுகள் பல கடந்தும் ஏறக்குறைய மாறாத பட்டியல். ராத்திரி முழுக்கத் தந்தூர் அடுப்பின் கனலில் வேகும் கறுப்பு உளுந்துப் பருப்பு, ஆட்டுத் தொடை, பெரிய நான். ஸ்பூன், ஃபோர்க் தருவதில்லை. கழுத்தில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டு கையால் சாப்பிட வேண்டும். அமெரிக்க அதிபர் கிளிண்டனும் அப்படித்தான் சாப்பிட்டார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சமையலறை அதே சில பதார்த்தங்களைச் செய்துகொண்டிருக்கிறது. முதலூர் அல்வாக் கடைக்காரர் இதைக் கேட்டால் ‘இதில் என்ன அதிசயம்’ என்பார்.

மூன்றாவது மேஜைதான் நமக்கு நெருக்கமானது, தூரத்தில் இருந்தாலும். நியூயார்க்கின் கிரீன்விச் வில்லேஜில் 2021-இல் திறந்த ‘செம்ம’. சமையல் கலைஞர் விஜய் குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துக்காரர். சுற்றுக் கணக்குக் கட்டாயம் இங்கே இல்லை. கார்டைப் பார்த்து வேண்டியதைச் சொல்லலாம். ஆனால் கார்டு குட்டை. வயல் நத்தையைப் பிரட்டிய நத்தைப் பிரட்டல், பொடி தோசை, குடல் வறுவல், கன்னியாகுமரி நண்டு மசாலா, திண்டுக்கல் பிரியாணி. அமெரிக்காவில் இந்திய உணவகம் என்றாலே எதிர்பார்க்கும் பட்டர் சிக்கனும் நானும் கிடையாது. அந்த ‘இல்லை’ ஒரு சூதாட்டம்தான். முதல் மாதத்தில் கதவைத் திறந்து பார்த்துவிட்டு “பட்டர் சிக்கன் இல்லையா?” என்று திரும்பிப் போகிறவர்களை நம்பித்தான் அங்கே மற்ற கடைகள் நடக்கின்றன. 2022-இல் செம்மவுக்கு மிஷலின் நட்சத்திரம் கிடைத்தது. 2025 ஜூனில் விஜய் குமார், நியூயார்க் மாநிலத்தின் சிறந்த சமையல் கலைஞருக்கான ஜேம்ஸ் பியர்ட் விருதை வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறி வாங்கினார்.

மூன்று மேஜைகளும் மூன்று விதம். ஒன்று தேர்வையே எடுத்துக்கொண்டது. ஒன்று பட்டியலை உறைய வைத்தது. ஒன்று எதைத் தர மாட்டோம் என்று முதலிலேயே முடிவு செய்துவிட்டது.

பட்டியலைக் குட்டையாக்கும் இந்தப் போக்கு நேற்று வந்த ஃபேஷன் இல்லை. பாரிஸில் பெரிய உணவகங்களின் பட்டியல்கள் ஒரு காலத்தில் செய்தித்தாள் மாதிரி நீண்டு கிடந்தன. 1973-இல் ஆன்ரி கோ, கிறிஸ்டியன் மியோ என்ற இரு உணவு விமர்சகர்கள் புதிய சமையலுக்குப் பத்துக் கட்டளை எழுதினார்கள். அதில் ஒன்று: பட்டியலைச் சுருக்கு. கனத்த சாஸ்களைக் குறை, சந்தையில் அன்று வந்ததைச் சமை என்பவற்றோடு சேர்ந்து வந்த கட்டளை அது. அன்று வந்ததைச் சமைக்க வேண்டுமென்றால் அச்சடித்த நூறு வரிக்கு உத்தரவாதம் தர முடியாதே. ஃபைன் டைனிங்கின் எதிர்க்கோடியிலும் இதே பாடம் உண்டு. மெக்டொனால்ட் சகோதரர்கள் 1948-இல் கலிபோர்னியாவில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த தங்கள் கடையை மூடி, 25 அயிட்டத்தை ஒன்பதாகக் குறைத்துத் திரும்பத் திறந்தார்கள்.

தேர்வு கூடினால் மனிதன் திணறுவான் என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று ஜாம் பரிசோதனை. ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்டது. கலிபோர்னியக் கடை ஒன்றில் ஒரு நேரம் 24 வகை ஜாம், இன்னொரு நேரம் 6 வகை என்று மாற்றி மாற்றி வைத்தார்கள். 24 வகை இருந்தபோது கடந்து போனவர்களில் 60 சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள். நின்றவர்களில் வாங்கியது 3 சதவீதம். 6 வகை இருந்தபோது நின்றது 40 சதவீதம். அவர்களில் வாங்கியது 30 சதவீதம். மேலாண்மை வகுப்புகளில் இது வேதவாக்கு மாதிரி ஓதப்படுகிறது. ஆனால் 2010-இல் இது போன்ற ஐம்பது சோதனைகளைச் சேர்த்து அலசியபோது, சராசரி விளைவு கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வந்தது. சில இடத்தில் தேர்வு கூடினால் திணறுகிறார்கள், சில இடத்தில் மகிழ்கிறார்கள். என்ன வேண்டும் என்று தெரிந்து வருகிறவருக்கு நீளப் பட்டியல் தொல்லையே இல்லை. சரவண பவனில் கார்டைப் புரட்டாமலேயே “ஒரு நெய் ரோஸ்ட், ஒரு காபி” என்று சொல்கிறவர்கள்தானே பாதிப் பேர்?

ஆகவே குட்டைப் பட்டியலுக்காக மனோதத்துவத்தைத் துணைக்கு அழைக்க வேண்டாம். சமையலறைக் கணக்கே போதும்.

எதிர்க்கட்சி வாதம்

நீளப் பட்டியலுக்கு ஆதரவாகவும் கனமான வாதம் இருக்கிறது. 1989-இல் சென்னை பார்க் ஷெரட்டனில் தக்ஷின் தொடங்கிய காலத்தில், நட்சத்திர ஹோட்டலில் ‘நல்ல சாப்பாடு’ என்றால் பிரெஞ்சோ, முகலாயோ, சைனீஸோதான். இட்லி, தோசைக்கு காபி ஷாப் மூலையே கதி. தமிழ்நாடு, ஆந்திரா, கர்நாடகா, கேரளா என நான்கு மாநிலங்களையும் ஒரே கார்டில் தக்ஷின் அடுக்கியது. அந்த நீளத்துக்கு அன்று அர்த்தம் இருந்தது. ‘எங்களிடம் இவ்வளவு இருக்கிறது’ என்று உரக்கச் சொல்ல வேண்டிய காலம் அது. இன்று யாரும் அதை மறுக்கவில்லை என்பதால்தான் செம்மவாலும் அவர்த்தனாவாலும் மெல்லிய குரலில் பேச முடிகிறது.

இன்னொரு வாதம் இன்னும் வலுவானது. பதிமூன்று சுற்று விருந்து என்பது தனி மனிதர்களுக்காக உருவான ஏற்பாடு. நம் வீட்டில் ஒருவருக்குச் செவ்வாய், வெள்ளி கவிச்சி ஆகாது. ஒருவர் திருச்செந்தூருக்கு மாலை போட்டிருப்பார். ஒருவருக்குச் சர்க்கரை, ஒருவருக்கு வெங்காயம் பூண்டு விலக்கு. மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார முடியாத மூட்டுவலிக்கார அம்மா வேறு. சமையல் கலைஞர் சொல்கிற வரிசையில் எல்லோரும் ஒரே மாதிரி சாப்பிட வேண்டும் என்றால் அந்த மேஜை ஐந்து நிமிடத்தில் கலைந்துவிடும். அவர்த்தனா சைவத்துக்குத் தனி வரிசை வைத்திருப்பது நாகரிகத்துக்காக மட்டுமில்லை, இந்தக் கணக்கும் தெரிந்துதான்.

இதற்கு நம்மிடம் ஒரு பழைய விடை உண்டு: இலை. கல்யாணப் பந்தியில் யாரும் மெனு கார்டு கொடுப்பதில்லை. இருபது வகை வரிசையாக விழும். வேண்டாததற்குக் கையை மறித்தால் போதும். தேர்வும் இருக்கிறது, தேர்வின் தொல்லையும் இல்லை. மூன்றே வகையில் முடிகிற பந்தியும் பக்கத்திலேயே இருக்கிறது. காயல்பட்டினத்துக் கல்யாணங்களில் களறிச் சாப்பாடு. நெய்ச்சோறு, களறிக்கறி, கத்தரிக்காய் மாங்காய், அவ்வளவுதான். ஒரே தாலத்தைச் சுற்றிச் சிலர் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். துபாயிலும் சென்னையிலும் இருக்கும் காயல்காரர்கள் அந்தக் கறிக்காக விமானமும் ரயிலும் ஏறி வருவார்கள். அதோடு கோபி மஞ்சூரியனும் வைக்கலாமே என்று இதுவரை யாரும் யோசனை சொன்னதாகத் தெரியவில்லை.

ஃபைன் டைனிங் உணவகங்கள் பட்டியலை நீட்ட வேண்டியதில்லை. சில இடங்களில் வளைக்க வேண்டும். சைவத்துக்கும் விரதத்துக்கும் மெய்யான மாற்று வேண்டும், இறாலை எடுத்துவிட்டுப் பனீரை வைக்கிற ஒப்பேற்றல் கூடாது. பதிமூன்று சுற்று வேண்டாதவருக்கு நான்கே தட்டில் எழுந்து போகும் வழி வேண்டும். முக்கியமாக, பட்டியல் மாதத்துக்கு மாதம் மாறுகிற அளவுக்குக் குட்டையாக இருக்க வேண்டும். பிந்தியதுதான் கடினம். ஏனென்றால் நெய்மீனும் சிங்கி இறாலும் வருஷம் முழுக்கக் கார்டில் நிரந்தரமாக அச்சாகிக் கிடக்கின்றன.

கடலுக்கு அது தெரியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. முன்பு 45 நாளாக இருந்ததை 2017-இல் நீட்டினார்கள். மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்பது காரணம். அந்த இரண்டு மாதமும் தூத்துக்குடி துறைமுகத்தில் விசைப்படகுகள் வரிசை கட்டி நிற்கும். வலை பின்னுவதும் பெயிண்ட் அடிப்பதும்தான் வேலை. பெரியதாழை, மணப்பாடு பக்கம் வள்ளங்களில் போகிறவர்கள் கொண்டுவருவதுதான் பச்சை மீன். சென்னையிலோ பெங்களூரிலோ மே மாதம் நட்சத்திர ஹோட்டலில் தேங்காய்ப்பால் குழம்பில் மிதக்கும் நெய்மீன் துண்டு எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். மேற்குக் கரையிலிருந்து வந்திருக்கலாம். ஃப்ரீசரிலிருந்தும் வந்திருக்கலாம்.

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், கடல் ‘இல்லை’ என்று சொல்வது இந்தக் கரைக்குப் பழகிய விஷயம். முதலில் ஆள் இறங்கி, சிப்பி விளையும் கடலடித் திட்டுகளான முத்துப் பார்களைச் சோதித்து, சிப்பியை எடுத்து எண்ணிப் பார்த்த பிறகுதான் அந்த ஆண்டு குளிப்பு உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். பல ஆண்டுகள் ‘இல்லை’ என்றே வந்தது. 1961-க்குப் பிறகு குளிப்பே நடக்கவில்லை.

மெனு கார்டு அச்சடிக்காத சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்கு இந்தத் தலைவலி கிடையாது. சாத்தான்குளம், உடன்குடி, திசையன்விளை சாலைகளில் மத்தியானம் எந்த மீன் சாப்பாட்டுக் கடையில் நுழைந்தாலும் பேச்சு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகும்.

“இன்னைக்கு என்ன மீன் இருக்கு?”

“நெய்மீன் இல்ல அண்ணாச்சி. தடைக்காலம்லா. பாறை இருக்கு, விளமீன் இருக்கு. சாளை காலைலதான் வந்துச்சு, பொரிச்சுத் தரட்டா?”

“சாளையே போடுங்க.”

அந்தச் சாளைக்கு முள் அதிகம். பக்கத்து இலைக்காரர், எப்படி எடுக்க வேண்டும் என்று கேட்காமலேயே சொல்லிக் கொடுப்பார்.